ஓவியமும் கைவினையும் ஒரே கூடத்தில்: முதல்முறை காட்சிக்கு வைப்பவர்களுக்கு

சமூகக் கலைக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டால், எந்த ஓவியத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்றுதான் பலர் முதலில் யோசிக்கிறார்கள். அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதி பார்வையாளர் கண்ணில் படாத இடங்களில் நடப்பது: ஃபிரேமின் முதுகில், துணியின் பின்புறத்தில், கூடையின் அடியில். நிலக்காட்சி ஓவியங்களோடு நெசவு, பின்னல், மண்பாண்டம் போன்றவற்றையும் ஒரே அறையில் வைக்கும்போது சிக்கல் கூடுகிறது. எண்ணெய் வண்ண ஓவியம் தாங்கும் வெளிச்சத்தில் இயற்கைச் சாயத் துணி வெளிறிவிடும். கூடையில் ஒளிந்து வரும் வண்டு பக்கத்து ஃபிரேமின் மரத்துக்கும் போகும். எனவே கீழே உள்ள வரிசையை முடிந்தவரை மாற்ற வேண்டாம்.

கூடத்தாரிடம் கேட்டு வைக்க வேண்டியவை

நேரில் போகும்போது அளவு டேப்பும் நோட்டும் கையில் இருக்கட்டும். சுவர் செங்கல்லா, ஜிப்சம் போர்டா, பிளைவுட் பலகையா என்று தட்டிப் பாருங்கள், கேட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆணி அடிக்கலாமா, மேலே ஓடும் ரெயிலில் இருந்து கம்பி தொங்கவிடும் முறையா என்பது அடுத்த கேள்வி. ரெயில் என்றால் ஒரு கொக்கி எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். வாசல், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் ஆகியவற்றின் அகலத்தை அளந்து கொள்ளுங்கள். சுவரில் பொருந்தும் பெரிய கேன்வாஸ் வாசலில் நுழையாமல் திரும்பிப் போவது அடிக்கடி நடப்பதுதான்.

பிறகு நிர்வாக விஷயங்கள். விற்பனையில் கூடம் எவ்வளவு சதவீதம் எடுத்துக்கொள்ளும், பொருள் உடைந்தாலோ காணாமல் போனாலோ யார் பொறுப்பு, காப்பீடு உண்டா, மாட்டுவதும் கழற்றுவதும் யார் வேலை, திரும்ப எடுக்கக் கடைசி நாள் எது. வாய்மொழியாகச் சொன்னதை நம்பி இறங்க வேண்டாம், ஒரு பக்கத் தாளாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டதாக இருக்கட்டும்.

சுவர் நீளத்துக்கு எத்தனை ஓவியம் என்ற கணக்கு எளிது. 6 மீட்டர் சுவர், 5 ஓவியங்கள், அவற்றின் அகலங்களைக் கூட்டினால் 3.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மீதி 2.4 மீட்டர். ஐந்து ஓவியங்களுக்கு இரு முனைகளையும் சேர்த்து ஆறு இடைவெளிகள், ஆகவே இடைவெளிக்கு 40 செ.மீ. இந்தக் கணக்கில் 15 செ.மீ.க்கும் கீழே வந்தால் ஒரு ஓவியத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசைதான் முதல் காட்சிகளை நெரிசலாக்குகிறது.

எதை எதோடு வைப்பது

நீல நிற ஏரி ஓவியத்துக்குப் பக்கத்தில் நீலப் பானை. இது யாருக்கும் உடனே தோன்றும் ஜோடி, பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பார்வையாளருக்கு அதில் தெரிந்துகொள்ள எதுவும் கிடையாது. பொருளும் படமும் ஒரே நிலத்திலிருந்து வந்தவையாக இருந்தால் சேர்க்கைக்குக் காரணம் கிடைக்கும். சதுப்புநில ஓவியத்துக்குப் பக்கத்தில் அந்தச் சதுப்பில் அறுத்த கோரையில் பின்னிய பாய், ஆற்றங்கரை ஓவியத்துக்குப் பக்கத்தில் அந்தக் கரையின் களிமண்ணில் வனைந்த பானை, காட்டு ஓவியத்தோடு அங்குள்ள மரப்பட்டைச் சாயம் ஏற்றிய துணி. நிலத்தைச் சொல்லும்போது அதன் கருப்பொருளையும் சேர்த்தே சொல்லிப் பழகிய தமிழருக்கு இது புதிய யோசனையும் கிடையாது.

ஒரு கைவினைப் பொருளுக்கு ஓர் ஓவியம் என்று கணக்காகப் பிரிக்க வேண்டியதில்லை. மூன்று பெரிய ஓவியங்களுக்கு நடுவே ஒரே ஒரு கூடை போதும். சில சுவர்களில் கைவினை மட்டும் இருக்கட்டும். ஓவியத்துக்கு அழகு சேர்க்கும் பூச்சாடிபோல அதை மூலையில் நிறுத்தினால், அதைச் செய்தவரின் உழைப்பைக் கீழே தள்ளியதாகிவிடும்.

காகிதத்தில் செய்த ஓவியங்கள்

வாட்டர்கலர், மை, பென்சில், பேஸ்டல் எல்லாம் இதில் அடக்கம். அதிகம் கெட்டுப்போவதும் இவைதான். காரணம் பெரும்பாலும் ஒட்டுவது.

ஈரப்பதம் ஏறும்போது காகிதம் விரியும், குறையும்போது சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டிவிட்டால் விரிய இடமில்லாமல் அலையலையாக நெளியும். ஆகவே மேல் விளிம்பில் மட்டும், இரண்டே இடங்களில் பிடிக்க வேண்டும். கோசோ எனப்படும் ஜப்பானிய நார்க்காகிதத்தைக் கத்தரிக்காமல் கையால் கிழித்து 2 செ.மீ. அகலத் துண்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். கிழிந்த விளிம்பில் நார்கள் விரிந்து நிற்பதால் முன்பக்கம் தடம் தெரியாது. கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையை மெல்லியதாகத் தடவி, துண்டின் ஒரு பாதியை ஓவியத்தின் பின்னால் மேல் விளிம்பில் 1 செ.மீ. அளவுக்கும், மறு பாதியைப் பின்பலகையிலும் ஒட்டுங்கள். பின்பலகையில் உள்ள பாதியின் மேல் குறுக்கே இன்னொரு துண்டு ஒட்டினால் பிடிப்பு உறுதிப்படும். மேலே மை ஒற்றும் தாள் வைத்து, எடை ஏற்றிக் காயவிடுங்கள். இந்தத் துண்டு ஓவியக் காகிதத்தைவிடப் பலவீனமாகத்தான் இருக்க வேண்டும். ஃபிரேம் கீழே விழுந்தால் கிழிவது துண்டாக இருக்கட்டும், ஓவியம் தப்பிக்கட்டும்.

செலோடேப், மாஸ்கிங் டேப், இருபுற டேப் மூன்றும் கூடாது. அவற்றின் பசை சில வருடங்களில் பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கும். இறங்கிய கறையை எடுப்பது பாதுகாப்பு நிபுணருக்கே கஷ்டமான வேலை.

மவுண்ட் போர்டு, அதாவது நடுவே ஜன்னல் வெட்டி ஓவியத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை, அமிலமற்றதாக இருக்க வேண்டும். பருத்தி நாரில் செய்தது கிடைத்தால் இன்னும் நல்லது. மலிவான போர்டில் வெட்டிய ஜன்னலின் சரிந்த விளிம்பு பழுப்பாக மாறினால், அதே அமிலம் ஓவியத்தின் ஓரத்தையும் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஜன்னல் ஓவியத்தின் ஓரத்தை 3 முதல் 5 மி.மீ. மூடினால் போதும். சுற்றி 6 முதல் 8 செ.மீ. வெள்ளை இடம் விட்டு, கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு செ.மீ. வரை கூட்டுங்கள். நான்கு பக்கமும் சமமாக வெட்டினால் படம் கீழே சரிந்து நிற்பதுபோலக் கண்ணுக்குத் தோன்றும்.

கண்ணாடி ஓவியத்தைத் தொடவே கூடாது. இரவில் அறை குளிரும்போது கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். அந்த ஈரம் நேராகக் காகிதத்தில் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். மவுண்ட் போர்டின் தடிமனே பொதுவாகப் போதுமான இடைவெளி தந்துவிடும். மவுண்ட் இல்லாமல் ஃபிரேம் செய்தால் ஓரங்களில் கண்ணாடிக்குக் கீழே மெல்லிய பட்டை வையுங்கள். பேஸ்டலுக்கு 5 மி.மீ.க்குக் குறையாமல் இடைவெளி தேவை, அதற்கு உண்மையான கண்ணாடியே போட வேண்டும். கண்ணாடிக்குப் பதில் போடும் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டைத் துடைக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் பேஸ்டல் தூளை உறிஞ்சி எடுத்துவிடும்.

ஃபிரேமின் உட்பள்ளம் உள்ளே வைக்கும் அடுக்கைவிட 2, 3 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். பின்பக்கத்தைப் பழுப்புத் தாளால் முழுக்க ஒட்டி மூடினால் தூசியும் சிறு பூச்சியும் நுழையாது. கீழ் மூலைகள் இரண்டிலும் சிறிய ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்று போகும், ஃபிரேமும் நழுவாது.

கேன்வாஸ்

எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வருவதற்கே நாள்கணக்கிலிருந்து வாரக்கணக்கு ஆகும், கனமாகப் பூசியிருந்தால் மாதக்கணக்கு. இறுதி வார்னிஷ் 6 மாதத்துக்கு முன் பூச வேண்டாம். உள்ளே உலராத அடுக்கின் மேல் வார்னிஷ் மூடினால் பின்னால் வெடிப்பும் பிசுபிசுப்பும் வரும். அக்ரிலிக் வண்ணம் மணிக்கணக்கில் காய்ந்துவிடும், ஆனால் சூட்டில் இளகும் குணம் அதற்கு எப்போதும் உண்டு. வெயிலில் நின்ற வண்டிக்குள் இரண்டு அக்ரிலிக் ஓவியங்களை முகத்தோடு முகமாக வைத்தால், பிரிக்கும்போது ஒன்றின் வானம் மற்றதோடு போய்விடும்.

கேன்வாஸை ஃபிரேமில் பொருத்த, உட்சட்டத்தில் (கேன்வாஸை இழுத்துக் கட்டிய மரச்சட்டம்) குறுக்கே ஆணி அடிக்காதீர்கள். வளைந்த உலோகத் தகடுகளை ஃபிரேமில் மட்டும் ஸ்க்ரூ செய்து, அவை கேன்வாஸை அழுத்திப் பிடிக்கும்படி விடுங்கள். மரம் விரிந்து சுருங்க இடம் வேண்டும். கேன்வாஸ் தொய்ந்திருந்தால் உட்சட்டத்தின் மூலைகளில் உள்ள ஆப்புகளை இரண்டு மூன்று முறை மெதுவாகத் தட்டினால் போதும். பலமாக அடித்தால் மூலையில் வண்ணம் வெடிக்கும். பின்னால் மெல்லிய பலகையோ தடித்த அட்டையோ மூடிவிடுங்கள். தூக்கும்போது விரல் முட்டிக் கேன்வாஸில் விழும் வட்ட வெடிப்புகள் இதனால் வராது.

இடையே ஓர் எச்சரிக்கை. ஃபிரேமுக்கோ மரச் சிற்பத்துக்கோ ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிவரும். கசங்கிய துணிக்குள் வெப்பம் தேங்கி, நெருப்பு வைக்காமலேயே பற்றிக்கொள்ளும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

முதுகுக் கம்பியும் சுவரும்

ஃபிரேமின் இரு பக்கச் சட்டங்களிலும், மேலிருந்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் டி வளையங்களை (D எழுத்து வடிவ உலோக வளையங்கள்) ஸ்க்ரூ செய்யுங்கள். அதைவிடக் கீழே இறக்கினால் படத்தின் தலை சுவரிலிருந்து முன்னால் சாயும். கம்பி விறைப்பாக இருந்தால் பலம் என்று பலர் நினைத்து இழுத்துக் கட்டுகிறார்கள். உண்மையில் கம்பி எவ்வளவு படுத்திருக்கிறதோ அவ்வளவு இழுவை ஏறும். நடுவே ஒரே கொக்கியில் தொங்கும்போது கம்பியின் இரு பாதிகளும் கிடைமட்டத்தோடு 45 பாகைக் கோணத்தில் இருந்தால், ஒவ்வொரு பாதியிலும் படத்தின் எடையில் 7/10 பங்கு இழுவைதான். 30 பாகையில் முழு எடை. 10 பாகைக்குப் படுத்தால் எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. 8 கிலோ படத்துக்கு அது 23 கிலோ. ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வருவதற்கும், ஃபிரேமின் பக்கச் சட்டங்கள் உள்நோக்கி வளைவதற்கும் இதுவே காரணம். கொஞ்சம் தொய்வு விடுங்கள். ஆனால் மேலே இழுத்தால் கம்பியின் உச்சி ஃபிரேமின் மேல் விளிம்புக்கு 5 செ.மீ. கீழேயாவது நிற்க வேண்டும்.

5 கிலோவுக்கு மேல் என்றால் கம்பியையே விட்டுவிட்டு, இரண்டு வளையங்களையும் நேராக இரண்டு ஸ்க்ரூவில் மாட்டுவது நல்லது. கதவு சாத்தும் அதிர்வில் படம் கோணுவதும் நின்றுவிடும்.

மாட்டும் வரிசை இது:

1. படங்களை மாட்டாமல் முதலில் சுவரோரம் தரையில் அடுக்கிப் பாருங்கள். அடியில் அட்டையோ துணியோ விரிக்க மறக்க வேண்டாம். குறைந்தது ஒரு மணி நேரமாவது அப்படியே விட்டு, தூரத்தில் நின்று பார்த்து மாற்றுங்கள்.

2. கூடம் முழுவதற்கும் ஒரே நடுக்கோட்டு உயரத்தைத் தீர்மானியுங்கள். தரையிலிருந்து 145 முதல் 155 செ.மீ. வழக்கம். சக்கர நாற்காலியில் வருவோரும் சிறுவர்களும் அதிகம் என்றால் 140 நல்லது. ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதியும் இந்த உயரத்தில் வரும்.

3. ஸ்க்ரூ வரும் உயரத்துக்கு ஒரே கணக்குத்தான். நடுக்கோட்டோடு ஃபிரேம் உயரத்தில் பாதியைக் கூட்டி, ஃபிரேமின் மேல் விளிம்பிலிருந்து கம்பியின் உச்சி வரை உள்ள தூரத்தைக் கழியுங்கள். நடுக்கோடு 150, ஃபிரேம் உயரம் 62, கம்பி உச்சி 7 என்றால் 150 + 31 − 7 = 174 செ.மீ. கம்பியை அளக்கும்போது கொக்கியில் தொங்குவதுபோல மேலே இழுத்துப் பிடித்துத்தான் அளக்க வேண்டும். சும்மா கிடக்கும் கம்பியை அளப்பதால்தான் வரிசையில் ஒரு படம் மட்டும் இறங்கித் தொங்குகிறது.

4. செங்கல் சுவரில் 6 மி.மீ. துளையிட்டு 6 மி.மீ. ராவல் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) இறக்கி ஸ்க்ரூ போடுங்கள். மேல்பூச்சுக்குள் மட்டும் நின்றால் பிடிப்பு இருக்காது, பிளக் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். ஜிப்சம் போர்டில் சாதாரண பிளக் நிற்காது, உள்ளே விரியும் வகை ஆங்கர் தேவை. துளை போடும் முன் மின்கம்பி ஓடும் பாதையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுவிட்சுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடவே வேண்டாம்.

5. மாட்டியபின் ரசமட்டத்தை ஃபிரேமின் மேல் வைத்துச் சரிபாருங்கள். தரையையும் கூரை விளிம்பையும் நம்பி அளக்க வேண்டாம், பழைய கட்டடங்களில் இரண்டுமே சாய்ந்திருக்கும்.

ஒட்டும் பட்டைகளில் மாட்டுவது இரண்டு நாள் பள்ளி விழாவுக்குச் சரி. ஒரு மாதக் காட்சிக்கு வேண்டாம். சூடும் ஈரமும் சேர்ந்தால் நள்ளிரவில் கழன்று விழும்.

அடிவானம் செய்யும் குழப்பம்

நிலக்காட்சிகளுக்கே உரிய சிக்கல் இது. உருவப்படமோ பூக்களோ என்றால் நடுக்கோட்டுக் கணக்கு போதும். நிலக்காட்சிகளை வரிசையாக மாட்டும்போது ஃபிரேமை விட்டுவிட்டுக் கண் அடிவானத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு படத்தில் அடிவானம் உயரத்தில், அடுத்ததில் தாழ்வாக, மூன்றாவதில் மறுபடி உயரத்தில் என்றால் சுவர் முழுவதும் ஏறி இறங்குவதுபோல் இருக்கும்.

ஒரே அளவு ஃபிரேம்களாக இருந்தால் அடிவானம் ஏறக்குறைய ஒத்துப்போகும் படங்களை ஒரு சுவரில் சேருங்கள். வித்தியாசம் 10 செ.மீ.க்கு மேல் என்றால் அது வேண்டுமென்று செய்ததாகத் தெரியும், தொந்தரவு இல்லை. 1, 2 செ.மீ. மட்டும் விலகினால்தான் மாட்டியவர் தவறுபோல் உறுத்தும். அப்போது ஃபிரேம் விளிம்பைச் சரிசெய்வதா, அடிவானத்தைச் சரிசெய்வதா? ஒரே தொடராக வரைந்த கடற்கரைப் படங்கள் என்றால் அடிவானத்தைச் சேருங்கள். மற்றபடி ஃபிரேமின் நடுக்கோட்டையே வைத்துக்கொண்டு, அந்த இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு துணியையோ கூடைப் பீடத்தையோ கொண்டு வாருங்கள். கைவினையோடு சேர்த்து வைப்பதில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது.

நீர்ப்பரப்பின் அடிவானம் ஓவியத்திலேயே சாய்ந்திருந்தால் எந்த ரசமட்டமும் உதவாது. படத்தைச் சற்றுச் சாய்த்து மாட்டி மறைக்கவும் முடியாது. வரையும் மேசையிலேயே அளந்து திருத்த வேண்டிய விஷயம் அது.

துணி, நெசவு, எம்பிராய்டரி

துணியை ஆணியிலோ குண்டூசியிலோ தொங்கவிட்டால் அந்தப் புள்ளியில் முழு எடையும் இறங்கும், நூல் விலகும், துருக்கறையும் ஏறும். எடை மேல் விளிம்பு முழுக்கப் பரவ வேண்டும். அதற்கு நம்பகமான வழி வெல்க்ரோ.

5 செ.மீ. அகல வெல்க்ரோவின் மென்மையான பாதியை முதலில் ஒரு பருத்தி நாடாவில் மெஷினில் தைத்துக்கொள்ளுங்கள். பிறகு நாடாவைத் துணியின் பின்புறம் மேல் விளிம்பில் கையால் மீன்முள் தையலில் தையுங்கள். ஊசி நூல்களுக்கு நடுவே நுழையட்டும், நூலைத் துளைக்க வேண்டாம். முரட்டுப் பாதியை மரச்சட்டத்தில் துருப்பிடிக்காத ஸ்டேப்பிளால் அடித்து, சட்டத்தைச் சுவரில் ஸ்க்ரூ செய்யுங்கள். மரத்திலிருந்து வெளிவரும் அமிலம் துணியில் படாமல் இருக்க, சட்டத்தை வார்னிஷ் பூசி முழுதும் உலரவிட்டு, துவைத்த காடாத் துணியால் சுற்றுங்கள். காடாவைத் துவைக்காமல் போட்டால் அதில் உள்ள கஞ்சிப்பசை பூச்சியை வரவழைக்கும். வெல்க்ரோவின் பெரிய வசதி, துணி ஓரிடத்தில் சுருங்கித் தொங்கினால் அந்த இடத்தை மட்டும் பிரித்து ஒட்டிச் சரிசெய்யலாம்.

பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) மேலிருந்து கீழாக வரும்படி தொங்கவிடுவது பொதுவாகத் துணிக்கு வலு. வடிவமைப்பு அதற்கு எதிராக இருந்தாலோ, துணி பழையதாக நைந்திருந்தாலோ, தொங்கவிடாமல் 30 முதல் 45 பாகை சாய்த்த பலகையில் படுக்க வையுங்கள்.

கொண்டு வரும்போது மடிக்காதீர்கள். மடிப்புக் கோட்டில்தான் பட்டு நூல் முதலில் ஒடியும். 8, 10 செ.மீ. விட்டமுள்ள குழாயில் அமிலமற்ற மெல்லிய தாள் சுற்றி, முகப்பு வெளிப்பக்கம் வரும்படி உருட்டுங்கள். முகப்பை உள்ளே வைத்துச் சுருட்டினால் எம்பிராய்டரி நூல்கள் நசுங்கும்.

கூடை, பாய், மரம்

கூடத்துக்குள் கொண்டு போகும் முன் உளுத்திருக்கிறதா என்று பாருங்கள். பொருளை வெள்ளைத் தாளின் மேல் வைத்து ஒரு வாரம் விட்டால், மாவுபோன்ற தூள் கீழே கொட்டியிருந்தால் உள்ளே வண்டு வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்துருண்டை போட்டால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். நாற்றம் தங்கும், பூச்சியும் பெரும்பாலும் தங்கும். உறைய வைப்பதே சுத்தமான வழி. பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, −20 பாகை செல்சியசுக்குக் கீழே ஒரு வாரம். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் −18 பாகையில் நிற்பதால் அதில் இரண்டு வாரம். எடுத்த உடனே பையைத் திறக்கக் கூடாது. அறை வெப்பநிலைக்கு வர 24 மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் வியர்வை பொருளின் மேலேயே படியும். வண்ணம் பூசிய மரம், பாசிமணி, கண்ணாடி, தந்தம் சேர்ந்த பொருட்களுக்கு இந்த முறை ஆகாது. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு சுருங்கி உரிந்துவிடும்.

கூடையைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்காமல் இரு கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். உள்ளே மெல்லிய தாளைக் கசக்கி லேசாக நிரப்பினால் வாய் வட்டம் கோணாது. பளபளப்புக்காக எண்ணெய் தடவுவது பழக்கத்தில் உண்டு. தூசி பிடித்துக் கருத்து, பிறகு எடுக்கவே முடியாமல் போகும். மென்மையான தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறை ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் எல்லாப் பொருளுக்கும் ஏற்றது. 65க்கு மேல் நீடித்தால் பூஞ்சை வரும். பகலில் ஏசி ஓடி இரவில் அணைந்துவிடும் கூடங்களில் ஈரப்பதம் தினமும் ஏறி இறங்கும், மரப்பலகையும் பிரம்பும் வெடிப்பது அதில்தான். அப்படிப்பட்ட இடத்தில் குறைந்த ஏசியும் நல்ல காற்றோட்டமும் மேல்.

மண்பாண்டமும் பீடமும்

சிறு பொருளுக்குப் பீடம் 90 முதல் 100 செ.மீ. உயரம், பெரிய கூடைக்கும் குதிருக்கும் 40 போதும். பீடம் காலியான பெட்டியாக இருந்தால் உள்ளே மணல் மூட்டை வையுங்கள். குழந்தை சாய்ந்தாலே நகரும் பீடத்தில் பானை வைப்பது ஆபத்து. விளிம்பிலிருந்து 10 செ.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். உயரமான, அடி குறுகிய பானைக்குள் சிறு மணல் பையை இறக்கினால் கனம் கீழே இறங்கி நிற்கும். மெருகு பூசிய பாண்டத்தின் அடியில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (பொருளைப் பிடித்து நிறுத்தும் ஒட்டும் மெழுகு) பட்டாணி அளவில் மூன்று இடத்தில் வைத்து அழுத்தினால் நகராது. மெருகு பூசாத மண் மெழுகை உறிஞ்சிக் கறைபடும், அதற்குக் கம்பளி வட்டம் மட்டும் போதும்.

பானையைத் தூக்கப் பருத்தி கையுறை வழுக்கும். கழுவித் துடைத்த கையே பத்திரம். உலோகப் பொருளுக்கு மட்டும் நைட்ரைல் கையுறை போடுங்கள், வியர்வையின் உப்பு விரல்ரேகையாகவே பதிந்துவிடும்.

பீடங்களுக்கு நடுவே நடக்க 90 செ.மீ., சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள இடம் தேவை.

வெளிச்சம்

எல்.இ.டி. ஸ்பாட் லைட், 3000 கெல்வின் (சற்று மஞ்சள் கலந்த வெள்ளை ஒளி), சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற மதிப்பு) 90க்குக் குறையாதது. இதை மட்டும் கேட்டு வாங்கினால் பாதி வேலை முடிந்தது. விளக்கின் கதிர் செங்குத்திலிருந்து 30 பாகையில் விழ வேண்டும். அதைவிட நெருங்கினால் ஃபிரேமின் நிழல் படத்தின் மேல் விழும், தள்ளினால் பார்ப்பவர் நிழலும் கண்ணாடிப் பிரதிபலிப்பும் வரும். விளக்கின் உயரத்திலிருந்து நடுக்கோட்டைக் கழித்து 0.58ஆல் பெருக்கினால் சுவரிலிருந்து விளக்கு இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். விளக்கு 330 செ.மீ. உயரத்தில், நடுக்கோடு 150 என்றால் 180 × 0.58, சுமார் 104 செ.மீ.

அளவுதான் முக்கியம். பொருளின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். எண்ணெய் வண்ணம், அக்ரிலிக்குக்கு 200 லக்ஸ் வரை போகலாம். மண்பாண்டத்தையும் உலோகத்தையும் வெளிச்சம் அவ்வளவாகப் பாதிக்காது. வாட்டர்கலர், சாயத்துணி, சாயமேற்றிய கூடை ஆகியவற்றுக்கு 50 லக்ஸ்தான் எல்லை. எளிதில் வெளிறும் பொருட்களுக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி (லக்ஸை மணி நேரத்தால் பெருக்கியது) என்பது அருங்காட்சியக உலகில் ஏற்றுக்கொண்ட வரம்பு. ஒரு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 6 நாள், 6 வாரம், 50 லக்ஸ் என்று போட்டால் 14,400 வந்துவிடும். அதாவது ஒரே காட்சியில் அந்தத் துணியின் ஓராண்டுப் பங்கு தீர்ந்தது. ஜன்னலோரம் நேர் பகல் வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும், சில நாளிலேயே அதே அளவு போய்விடும். மஞ்சள் சாயம் வெகு சீக்கிரம் வெளிறும். அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

50 லக்ஸ் இருட்டாகத் தெரிகிறது என்பது எப்போதும் வரும் புகார். பக்கத்தில் 200 லக்ஸில் எண்ணெய் ஓவியம் ஜொலித்தால் அப்படித்தான் தெரியும். துணிகளையும் வாட்டர்கலரையும் ஒரு மூலையில் சேர்த்து, அந்தப் பகுதியின் பொது விளக்குகளைக் குறையுங்கள். ஒரு நிமிடத்தில் கண் பழகிக்கொள்ளும். அங்கே பளிச்சென்ற வெள்ளைப் பெயர்ச்சீட்டு வேண்டாம், மங்கிய சாம்பல் தாள் போடுங்கள்.

கூடைக்கும் பாய்க்கும் நேர் எதிரே விளக்கு வைத்தால் பின்னல் தட்டையாகிவிடும். ஒரு பக்கத்திலிருந்து தாழ்ந்த கோணத்தில் ஒரே ஒரு விளக்கு விழட்டும். ஒவ்வொரு பின்னலும் தன் நிழலோடு எழுந்து நிற்கும்.

பெயர்ச்சீட்டு

ஓவியத்துக்குத் தலைப்பு, வரைந்தவர், ஆண்டு, ஊடகம், அளவு. அளவில் உயரத்தை முதலில், அகலத்தை அடுத்து எழுதுவது வழக்கம். எழுத்து 18 புள்ளிக்குக் குறையாமல், பளபளக்காத தாளில், ஃபிரேமின் வலப்பக்கம் 10 செ.மீ. தள்ளி ஒட்டுங்கள். விளக்கம் 75 சொல்லைத் தாண்டினால் யாரும் படிப்பதில்லை.

ஓவியத்துக்கு ஆள்பெயர், கூடைக்கு வெறும் ஊர்ப்பெயர் என்று எழுதுவது அநியாயம். செய்தவர் இருக்கிறார் என்றால் அவர் பெயர் அதே அளவு எழுத்தில் வர வேண்டும். மூலப்பொருள் எது, எங்கே எடுத்தது, என்ன முறையில் பின்னியது அல்லது நெய்தது என்பதையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள். "மூங்கில், பிளந்து சாயமேற்றியது, சுருள் பின்னல்" என்ற ஒரு வரி, பாரம்பரியத்தின் பெருமையைப் பற்றிய நீண்ட பத்தியைவிட அதிகம் சொல்லும். சடங்குக்கென்று செய்யும் வடிவங்களைக் காட்டலாமா, படம் எடுக்கவிடலாமா, விற்கலாமா என்பதை அந்தச் சமூகத்தாரிடம் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

ஒப்படைப்பதும் திரும்ப எடுப்பதும்

பொருளைக் கொடுக்கும் அன்று முன்புறம், பின்புறம், நான்கு மூலை என்று படம் எடுத்து, ஏற்கனவே உள்ள கீறல், கறை, விரிசல் எல்லாவற்றையும் இடம் குறிப்பிட்டு எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். காட்சி முடிந்ததும் அதே தாளை வைத்துச் சரிபாருங்கள். விற்ற பொருளும் கடைசி நாள் வரை சுவரிலேயே இருக்கட்டும். வாங்கியவர் அவசரப்பட்டாலும் நடுவில் கழற்றிக் கொடுத்தால் அந்தச் சுவரின் அடுக்கே குலையும்.

கட்டும்போது ஓவியத்தின் முகத்தில் முதலில் கிளாசின் எனப்படும் வழுவழுப்பான மெல்லிய தாள், அதன்மேல் பபிள் ராப், குமிழ்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி. குமிழ் உள்ளே இருந்தால் வெயிலில் வண்ணத்தின் மேல் வட்ட வட்டமாக அச்சு விழும். மூலைகளுக்கு அட்டை முக்கோணம் போட்டு, வண்டியில் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, பெரியது பின்னால் சிறியது முன்னால் அடுக்குங்கள். சாதாரணக் கண்ணாடி என்றால் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் உடைந்தாலும் சில்லு ஓவியத்தைக் கிழிக்காது. அக்ரிலிக் தகட்டிலும் பிரதிபலிப்பு குறைக்கும் கண்ணாடியிலும் டேப் ஒட்ட வேண்டாம்.

சுவரில் உள்ள பிளக்குகளை எடுத்து, துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்து அதே வண்ணத்தைத் தொட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்த வாட்டர்கலரின் பின்பலகையிலும், துணி சுற்றிய குழாயில் கட்டிய சீட்டிலும் காட்சித் தேதி, நாள்கள், லக்ஸ் அளவை எழுதி வையுங்கள். அடுத்த கூடத்திலிருந்து அழைப்பு வரும்போது, அந்த ஆண்டில் அதை மறுபடி வெளிச்சத்தில் வைக்கலாமா என்பதை அந்தக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யலாம்.